வாதத்தை எடை போடுவது எப்படி?

தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளை, "எல்லாம் படித்ததுதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்ன கேட்கிறது என்றே விளங்கவில்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடை பாடப் புத்தகத்தில் இராது. நான்கைந்து வரியில் ஒரு சிறு பத்தி கொடுத்திருப்பார்கள். அதிலே ஒருவர் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி, "ஆகவே இப்படித்தான்" என்று முடித்திருப்பார். அந்த வாதம் செல்லுமா, எது அதற்கு வலுவூட்டும், எது அதைத் தளர்த்தும் என்று கேட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளை அங்கே திகைத்து நின்றுவிடுகிறது.

இத்தகைய கேள்விகள் நம் நாட்டில் திடீரென்று முளைத்தவை அல்ல. 2013 முதல் 2025 வரைக்கும் என வகுக்கப்பட்ட கல்விப் பெருந்திட்டம், 2016ஆம் ஆண்டுக்குள் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் குறைந்தது 40 விழுக்காடும் எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது 50 விழுக்காடும் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. யு.பி.எஸ்.ஆர். 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. கேள்வி போகவில்லை. வகுப்புத் தேர்விலும் எஸ்.பி.எம். தேர்விலும் அது தொடர்ந்து வருகிறது. ஆகையால் இன்று இந்தக் கேள்வியை எப்படி அணுகுவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நம் வட்டாரத் தோட்டங்களில் பால் மரங்கள் நிறைந்திருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாளி நிறையப் பால் கொண்டுபோனாலும், வாளி நிறைந்திருப்பதை மட்டும் பார்த்துக் கிராணி கணக்கு எழுதிவிட மாட்டார். மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலுக்குள் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த பிறகே எழுதுவார். விடியற்காலை மழை பெய்திருந்தால் வாளி சீக்கிரம் நிறையும், ரப்பர் குறைவாக இருக்கும். வாதத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு சத்தமாகச் சொன்னார், எவ்வளவு நீளமாகச் சொன்னார் என்பது வாளியின் கனம். சொன்ன காரணம், சொன்ன முடிவைத் தாங்குகிறதா என்பதுதான் ரப்பர்.

இந்தக் கலை மேல்நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலே, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய கூற்று, அதற்குரிய ஏது, அதற்கு எடுத்துக்காட்டு எனப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றிலும் போலி எப்படி நுழையும் என்பதையும் விரிவாகச் சொல்கிறார். புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல, என்பது அங்கே வரும் பழைய எடுத்துக்காட்டு.

புகை என்றதும் கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். 2005 ஆகஸ்டு 11ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத நாட்கள் அவை. அன்று ஒருவர், "நம் ஊரில் இவ்வளவு புகை, ஆகவே நம் ஊரில்தான் எங்கோ பெரிய நெருப்பு" என்று வாதித்திருந்தால் அதை எப்படி எடை போடுவது? புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சரி. அந்த நெருப்பு நம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு அவர் காரணம் எதையும் சொல்லவில்லை. அன்றைய புகையின் பெரும்பகுதியைச் சுமத்திராவில் எரிந்த தீயிலிருந்து கடல் தாண்டிக் காற்றுத்தான் கொண்டுவந்தது. சரி, புகையெல்லாம் எப்போதும் சுமத்திராவிலிருந்துதான் வரும் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் ஆகாது. நம் பக்கத்து ராஜா மூசா சதுப்புக் காட்டிலே, இலையும் வேரும் மக்கிப் படிந்த மண் காய்ந்து, தீப்பற்றி, மேலே சுவாலை தெரியாமல் அடியிலேயே கனன்று புகைந்த காலங்களும் உண்டு.

அடுக்களையில் புகையும் நெருப்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வானத்துப் புகைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. "நெருப்பும் இங்கேதான்" என்பதை வாதம் செய்தவர் வாயால் சொல்லவில்லை, மனத்துக்குள் வைத்துக்கொண்டார். தேர்வுக் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படிச் சொல்லாமல் வைத்துக்கொண்டதைத்தான் நம்மைத் தேடச் சொல்கின்றன.

இப்போது ஒரு மாதிரிக் கேள்வியைப் பார்ப்போம். மாணவர்கள் எழுதுகோலை எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகவே வாசிக்கிறோம்.

"ஒரு செம்பனைத் தோட்டத்தில் சென்ற ஆண்டு வழக்கத்தைவிட மிகுதியாக மழை பெய்தது. அவ்வாண்டு அத்தோட்டத்திலிருந்து ஆலைக்குச் சென்ற குலைகளின் எடை, முந்திய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. ஆகவே, மழை மிகுந்ததால் மரங்கள் குறைவாகக் காய்த்தன." இந்த வாதத்தைப் பெரிதும் தளர்த்துவது எது? முதலாவது, மழை மரங்களுக்கு நல்லது என்று பலர் கருதுகின்றனர். இரண்டாவது, அதே அளவு மழை பெய்த பக்கத்துத் தோட்டத்திலும் குலைகளின் எடை குறைந்தது. மூன்றாவது, அவ்வாண்டு வெட்டுவதற்கு ஆள் போதாமல், பழுத்த குலைகள் பல மரத்திலேயே நின்று உதிர்ந்து வீணாயின. நான்காவது, அடுத்த ஆண்டு மழை குறையும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

நம் வகுப்பில் இதைக் கொடுத்தால், கேட்ட மாத்திரத்தில் பலர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாதம் மழையைக் குறை சொல்கிறது, விடை மழையைப் புகழ்கிறது, ஆகவே இரண்டும் எதிர் எதிர் என்பது அவர்கள் கணக்கு. பலர் கருதுவதால் ஒன்று உண்மையாகிவிடாது. அளவான மழை நல்லது என்பதற்கும் அளவு மீறிய மழை கெடுதல் என்பதற்கும் சண்டையும் இல்லை. இரண்டாவது விடை வாதத்தைத் தளர்த்தவில்லை, தூக்கி நிறுத்துகிறது. மழை பெய்த இன்னோர் இடத்திலும் அதுவே நடந்தது என்கிறதல்லவா? அவசரத்தில் "தளர்த்துவது" என்ற சொல்லைக் கவனிக்காத பிள்ளை இதிலே விழும். நான்காவது விடைக்கு இந்த வாதத்தில் வேலையே இல்லை.

மூன்றாவதை மீண்டும் படித்துப் பாருங்கள். பத்தியில் கொடுத்த சான்று, ஆலைக்குச் சென்ற எடை. சொன்ன முடிவு, மரம் காய்த்த அளவு. இவை இரண்டும் ஒன்றல்ல. காய்த்ததெல்லாம் வெட்டப்பட்டால்தான், வெட்டியதெல்லாம் லாரி ஏறினால்தான், எடையை வைத்துக் காய்ப்பைச் சொல்ல முடியும். மூன்றாவது விடை அந்த நடுப்பாலத்தை உடைத்துவிடுகிறது. இது கற்பனையும் அல்ல. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டு, வெளிநாட்டுத் தொழிலாளர் வர முடியாமல் போனபோது, மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் பழம் மரத்திலேயே வீணானது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. செம்பனையில் ஒரு பூ ஆண் பூவாகுமா பெண் பூவாகுமா என்பது, குலையாகி வெட்டுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அப்படியானால் சென்ற ஆண்டுக் குலைக்குச் சென்ற ஆண்டு மழையை மட்டும் குற்றவாளியாக்குவது எப்படி? ஒரு முறை குலை வெட்டுகிறவரின் மகன் ஒருவன் எழுந்து இதைக் கேட்டான். கேள்வியைத் தயாரித்த நமக்கே அது அப்போது தோன்றவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு வெளி அறிவு இல்லை என்று பேசுகிறவர்களுக்கு அவனைக் காட்ட வேண்டும்.

செம்பனையைப் பற்றிப் பேசும்போது, நம் வட்டாரத்திலிருந்தே ஓர் உண்மையான வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். மலாயாவில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்திலே, 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோக்கோனியே அதைத் தொடங்கினார். மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் வைக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்திராவுக்குப் போய், அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்தன.

மரம் வந்தது, வளர்ந்தது. ஆனால் ஆப்பிரிக்காவில் குலைகளில் காய் நிறைந்து பிடித்தது போல் இங்கே பிடிக்கவில்லை. முக்கியமாக இளமரங்களில் பாதி காயும் பாதி வெற்றுமாகக் குலைகள் வந்தன. செம்பனைக்கு மகரந்தம் காற்றிலேதான் போகிறது என்பது அன்றைய பொது நம்பிக்கை. காற்றுப் போதவில்லையானால் கையால் தூவ வேண்டியதுதானே? ஆகவே பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மகரந்தத்தை டால்க் மாவுடன் கலந்து, முள் நிறைந்த மட்டைகளுக்கு இடையே கையை விட்டு, பெண் பூக்களின் மீது ஊதித் தூவும் வேலை. இன்று பாட்டியாக இருக்கும் பலர் அந்த வேலையைச் செய்தவர்கள்.

நம் மாணவி ஒருத்தியின் பாட்டி அதைப் பற்றிச் சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. காய் சரியாகப் பிடிக்காத பகுதிகளுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, "நீங்கள் ஒழுங்காகத் தூவவில்லை" என்று ஏசுவார்களாம். "தூவினோம் ஐயா, மழை வந்து கழுவிவிட்டது" என்று சொன்னால், பதிலுக்குப் பதில் பேசுகிறாள் என்று இன்னும் இரண்டு வார்த்தை விழுமாம். இதையே ஒரு தேர்வுக் கேள்வியாக எழுதிப் பாருங்கள். காய் பிடிக்கவில்லை. தூவுவது பெண்களின் வேலை. ஆகவே பெண்கள் சரியாகத் தூவவில்லை. பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பது சில நாட்கள்தான். அந்த நாள் தவறியிருக்கலாம். மகரந்தம் பழையதாகி வீரியம் இழந்திருக்கலாம். மழை கழுவியிருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட விலக்காமல் ஆள்மீது பழி போட்டாயிற்று. எதிர்த்துப் பேச வழியில்லாதவர்கள் தலையில்தான் அரைகுறை வாதம் முதலில் விழுகிறது. நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தை நன்றாகப் படிக்க வேண்டும் என்று நாம் விரும்புவதற்கு மதிப்பெண் மட்டும் காரணமல்ல.

இனி, அந்தப் பெரிய வாதத்துக்கு வருவோம். ஒரே மரம், இரண்டு நாடு. அங்கே காய் நிறைகிறது, இங்கே நிறையவில்லை. மகரந்தம் போவது காற்றினால் என்றால், காற்று இரண்டு நாட்டிலும் உண்டே! 1970களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையிட் என்னும் பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போய் இதை ஆராய்ந்தார். பெண் பூவுக்குக் காற்றுப் போகலாம், பூச்சி மட்டும் போகக் கூடாது என்று மூடி வைத்துப் பார்த்தார். காய் மிகக் குறைவாகவே பிடித்தது. ஆண் பூவிலே வாழ்ந்து பெருகும் ஒரு சிறு கூன்வண்டு, பெண் பூவின் மணத்தால் இழுக்கப்பட்டு அங்கேயும் போகும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைச் சேர்த்துவிடுகிறது என்பது தெளிவாயிற்று. மரத்தின் விதையைக் கப்பலேற்றியவர்கள் வண்டைக் கப்பலேற்றவில்லை. மரம் வந்தால் அதன் வாழ்க்கைக்கு வேண்டியதெல்லாம் கூடவே வந்துவிட்டது என்பதுதான், பல பத்தாண்டுகளாக யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்த நம்பிக்கை.

"அங்கே வண்டு நன்மை செய்கிறது, ஆகவே இங்கே கொண்டுவந்து விட்டுவிடலாம்" என்று உடனே ஓடவும் இல்லை. அந்த வாதத்திலும் ஓட்டை உண்டு. இங்கே வேறு பயிரைத் தின்னாது என்பதற்கு என்ன உறுதி? வேறு பயிர்களில் அது வாழ்ந்து பெருகுகிறதா என்று சோதித்து, தனிமையில் வைத்துப் பார்த்த பிறகே, 1981இல் ஜொகூர் மாநிலம் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் அதை விட்டார்கள். குறுகிய காலத்தில் தீபகற்பம் எங்கும் பரவியது. காய் பிடிப்பு உயர்ந்தது. கையால் தூவும் வேலையும் நின்றது. அந்த வேலையின் கூலியை நம்பியிருந்த பெண்களுக்கு அது இழப்புத்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று உங்கள் தோட்டத்து ஆண் பூவைத் தட்டிப் பாருங்கள், கைநிறைய அந்த வண்டு விழும்.

அடுத்ததாக, நம் அடுக்களைக்கே வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும் அல்லது மரத்துப்போகும், நெஞ்சு அடைக்கும், ஆள் மடிவார். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. நம் தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை. இதைக் கண்டவர்கள் வெவ்வேறு முடிவுக்கு வந்தார்கள். சிலர், அது இடத்தில் ஒட்டியிருக்கும் தொற்று என்றார்கள். தமிழன் உடம்பின் வாகு வேறு என்று சொல்லவும் இடமிருந்தது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் சோற்றைக் காட்டினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது ஊர் வழக்கப்படி புழுங்கல் அரிசி.

இந்த இடத்தில் மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். சீனருக்கும் தமிழருக்கும் இனம் வேறு, அரிசி வேறு, வேலை வேறு, குடியிருந்த இடமும் வேறு. இத்தனையும் ஒன்றாக மாறி நிற்கும்போது, அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து "இதுதான் காரணம்" என்றால் அது ஊகம். பிராடனின் ஊகம் நல்ல ஊகம்தான். ஆனாலும் மற்றவையெல்லாம் ஒன்றாக இருந்து, அரிசி மட்டும் வேறாக இருக்கும் ஓர் இடம் வேண்டும்.

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கத்து வார்டுக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறு பக்கத்து வார்டுக்கு. கறி முதல் மற்றவையெல்லாம் இரு பக்கமும் ஒன்றே. ஒரு பக்கம் சயாம் அரிசி, மறு பக்கம் புழுங்கல் அரிசி. 1906ஆம் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, சயாம் அரிசி உண்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி கண்டு 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் அந்த நோயினால் ஒருவரும் சாகவில்லை. நோய் இருந்த இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே அதனுடன் வந்தவர்கள். (அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.)

யார் எந்தப் பக்கம் என்பதை இனமும் வயதும் வலிமையும் தீர்மானிக்கவில்லை, எண்தான் தீர்மானித்தது என்பதில்தான் இச்சோதனையின் பலம் இருக்கிறது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை வைத்து, இதையே வேறு இடத்தில் உறுதி செய்தார்கள். இடத்தில் ஒட்டிய தொற்று என்ற வாதம் தளர்ந்தது.

ஆனால் பிராடன், வெள்ளை அரிசியிலே ஏதோ நஞ்சு சேர்கிறது என்று நம்பினார். ஃபிளெட்சரின் கணக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது வரையில்தான் அது நம்மைக் கொண்டுபோகும். அரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது இருக்க வேண்டிய ஒன்று இல்லையா என்பதை அது சொல்லாது. பின்னால் தெரிந்தது, இல்லாமைதான் காரணம் என்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் அந்தச் சத்து தவிட்டோடு போய்விடும். இன்று அதனை வைட்டமின் பி1 என்கிறோம். அரிசியைப் பற்றிப் பிராடன் சரி, நஞ்சைப் பற்றித் தவறு. தேர்வுக் கேள்வியில் "மேற்கண்ட சான்றிலிருந்து பெறத்தக்க முடிவு எது" என்று வரும்போது, உண்மையாக இருக்கக்கூடிய ஆனால் சான்று தொடாத ஒரு விடை எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதிலேதான் சறுக்குகிறார்கள். அவர்களுக்கு வெளி உண்மை தெரியும், அதைக் குறித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

மற்றவர்கள் வாதத்தையே சோதித்துக்கொண்டிருந்தால் போதாது. நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகள் பெற்றோர் கூட்டங்களில் நாம் சொல்லிவந்தது இது: "டியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள், ஆகவே கடன்பட்டாவது டியூஷனுக்கு அனுப்புங்கள்." கடன்பட்டவர்களும் உண்டு. ஒரு நாள், மாலை வகுப்பு முடிந்து மாணவன் ஒருவனை வீடு வரைக்கும் கொண்டுவிட நேர்ந்தது. டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் வீடு எது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். மோட்டார் சைக்கிள் உள்ள வீடு, மாலையில் தாய் வீட்டில் இருக்கும் வீடு, மேசையும் விளக்கும் உள்ள வீடு. டியூஷன் இல்லாமலே அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றிருக்கலாம். நாம் டியூஷனைப் பார்த்தோம், வீட்டைப் பார்க்கவில்லை. டியூஷனால் பயன் இல்லை என்று இப்போது சொல்லவில்லை. அந்தக் காரணத்தை வைத்து அந்த முடிவைச் சொன்னது தவறு என்கிறோம்.

இதே போல, "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை மலாய்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், இருவரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள், தமிழ்ப் பள்ளிக்குப் போனவன் படிவம் மூன்றோடு நின்றான், ஆகவே தமிழ்ப் பள்ளி வேண்டாம்" என்று நம்மிடமே சொல்லும் பெற்றோர் உண்டு. மூன்று பிள்ளைகளை வைத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். நின்றவன் ஏன் நின்றான்? தந்தை நோயில் விழுந்ததாலா, பள்ளிப் பேருந்து நின்றுபோனதாலா? யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது பெற்றோர் தலையாட்டுவார்கள். ஆனால் நேர்மையாக இருக்க வேண்டுமானால் மறுபக்கத்தையும் நிறுக்க வேண்டும். "தமிழ்ப் பள்ளி மாணவர்கள் வெளிநாட்டு அறிவியல் போட்டியில் தங்கம் வாங்கினார்கள், ஆகவே தமிழ்ப் பள்ளியே சிறந்தது" என்று மேடையில் நாம் முழங்குகிறோமே, அதுவும் அதே எடைதான். தங்கம் வாங்கிய பிள்ளைகளைப் பாராட்டுவோம். அந்த நாலைந்து பேரை வைத்து மற்றப் பிள்ளைகளின் படிப்பைச் சொல்ல முடியாது. தமிழ்ப் பள்ளிக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, அவற்றைச் சொல்வோம்.

விழுக்காட்டிலும் எச்சரிக்கை வேண்டும். தோட்டப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டில் ஐந்தே பேர் இருப்பது உண்டு. ஒரு பிள்ளை தேர்வன்று காய்ச்சலில் படுத்தால், தேர்ச்சி 100இலிருந்து 80க்கு இறங்கிவிடும். "பள்ளியின் தரம் 20 விழுக்காடு வீழ்ந்தது" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்தால், எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை உங்களிடம், "அப்பா, வேறு காரணமும் இருக்கலாமே" என்று கேட்டால், எதிர்த்துப் பேசுகிறான் என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். மரியாதையோடு கேட்கச் சொல்லிக் கொடுங்கள், கேட்கவே கூடாது என்று சொல்லாதீர்கள். வீட்டில் ஒருநாளும் கேட்டறியாத பிள்ளை, தேர்வு மண்டபத்தில் மட்டும் எப்படிக் கேட்கும்?

இறுதியாக ஒரு கேள்வி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாகப் பேசிப் பாருங்கள். 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும், பின்னர் சிலாங்கூரின் தாழ்ந்த கடலோரப் பகுதிகளிலும் சதுப்பு நீரை வடித்து, காட்டை வெட்டி வெளியாக்கச் செய்தார். மலேரியாக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. "ஆகவே, உட்புற மலைத்தோட்டங்களிலும் காட்டை வெட்டி ஓடைகளை வெளியாக்கினால் மலேரியா குறையும்." இந்த வாதம் எதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது?

விடையைப் பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு இதைச் சொல்லுங்கள். கடலோரத்தில் காய்ச்சலைப் பரப்பிய கொசு, நிழலடர்ந்த சதுப்பில் முட்டையிடுவது. மலைப் பகுதியில் பரப்பியது வேறு வகைக் கொசு, வெயில் விழும் தெளிந்த ஓடை நீரைத் தேடுவது. அங்கே காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் விட்டபோது காய்ச்சல் கூடியது. வாட்சன் அதைத் தம் கணக்கிலே கண்டு, மலைக்கு வேறு வழி தேடினார். ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓடவிட்டார், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கச் செய்தார்.